பட்டங்கள் மூன்று, பதவி ஒன்று!
பெங்களூர் கல்லூரி ஆசிரியர்கள் படும் பாடு

மாதத்தின் முதல் வாரம் வந்துவிட்டால் எங்கள் ரெயில்வே கவுண்டரில் தலை தூக்க நேரம் இருக்காது. சீசன் டிக்கெட் கூட்டம்! தங்கவயல், பங்காருப்பேட்டை, மாலூர் பக்கத்தில் இருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகும் ஜனங்கள். போனிலேயே டிக்கெட் எடுக்கும் வசதி வந்துவிட்டது. ஆனாலும் கவுண்டருக்கு வந்து, சில்லறை எண்ணிக் கொடுத்து, டிக்கெட்டை வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறவர்கள் குறையவில்லை.

அவர்களில் ஒருவர் பல மாதங்களாக என் கவுண்டருக்கே வருவார். சட்டைப்பையில் இரண்டு பேனா, தோளில் கனமான பை. தங்கவயல் தமிழர். பேச்சிலேயே தெரியும்.

ஒருநாள் கூட்டம் குறைவாக இருந்தது. "மூன்று மாத சீசனாக எடுத்துவிடுங்கள் சார். 3 மாதத்துக்குக் கட்ட வேண்டியது 2.7 மாதப் பணம்தான். லாபம்" என்றேன்.

"வேண்டாம்ணா. ஒரு மாசமே போடுங்க. அடுத்த மாசம் வேலை இருக்குமான்னு எனக்கே தெரியாது" என்றார்.

"எந்தக் கம்பெனி?" என்று கேட்டேன்.

"கம்பெனி இல்லைண்ணா. காலேஜ் லெக்சரர்."

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். எங்கள் தெருவில் காலேஜ் லெக்சரர் என்றால் கலெக்டருக்கு அடுத்த படி. அவர் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். அவர் கேலி செய்யவில்லை. எம்.ஏ., எம்.பில்., அதற்கு மேல் டாக்டர் பட்டம். விரிவுரையாளர் தகுதித் தேர்விலும் பாஸ். வயது 41. அரசு கல்லூரியில் 14 வருடமாக "கவுரவ விரிவுரையாளர்". முதல் நாள் எந்தப் பதவியில் சேர்ந்தாரோ, இன்றும் அதே பதவி. அவருடைய தகப்பனார் தங்கச் சுரங்கத்தில் பூமிக்குள் இறங்கி வேலை பார்த்தவர். 2001ஆம் ஆண்டு சுரங்கத்தை மூடும் வரை வேலையில் இருந்தார். "எங்க அப்பாவுக்காவது வேலை நிரந்தரம்னு ஒரு காகிதம் இருந்துச்சு" என்றார் இவர்.

அன்றில் இருந்து இந்த விஷயத்தை விசாரித்து வருகிறேன். விசாரித்ததை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

ரெயில்வே குமாஸ்தாவின் கணக்கு

முதலில் எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குமாஸ்தாவாகச் சேருகிறவர் எல்லோரும் சூப்பிரண்டெண்டு ஆகிவிட முடியாது. மேலே போகப்போக நாற்காலி குறைவு. மேலே இருப்பவர் ரிட்டயர் ஆகவேண்டும், அல்லது வேறு ஊருக்குப் போகவேண்டும். அதுவரை கீழே இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்படிக் காத்திருந்தே தலை நரைத்தவர்களுக்காக மத்திய அரசு 1999ஆம் ஆண்டு ஒரு ஏற்பாடு செய்தது. பதவி உயர்வு கிடைக்காவிட்டாலும் 12 வருடத்தில் ஒரு முறை, 24 வருடத்தில் ஒரு முறை சம்பளப் படி மட்டும் உயரும். 2008ஆம் ஆண்டில் இருந்து அது 10, 20, 30 வருடம் என்று மாறியது. நாற்காலி அதேதான். வேலையும் அதேதான். ஆனால் மாதச் சம்பளத்தில் உயர்வு தெரியும். எங்கள் வீட்டுப் பெண்கள் இதை "நாற்காலி இல்லாத பிரமோஷன்" என்பார்கள். மளிகைக் கடைக்காரர் நாற்காலியையா கேட்கிறார்?

படித்தவர்கள் நிறைந்த பல்கலைக்கழகத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கும் என்று நினைத்தேன். அங்கே கதை வேறு.

ஒரு நாற்காலிக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை

வெள்ளைக்காரர் காலத்தில் இருந்தே பல்கலைக்கழகத்தில் மூன்று படிகள். கீழே லெக்சரர், நடுவில் ரீடர், உச்சியில் புரொபசர். பல இடங்களில் ஒரு துறைக்கு ஒரே ஒரு புரொபசர்தான். அவர் 45 வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் 40 வயதுக்காரரின் கதை அன்றோடு முடிந்தது. அவர் எவ்வளவு புத்தகம் எழுதினாலும், எத்தனை மாணவர்களை டாக்டர் ஆக்கினாலும் லெக்சரராகவே ரிட்டயர் ஆவார்.

அந்த நடுப்படிக்கு எவ்வளவு போட்டி என்பதற்கு நம் பெங்களூர் சென்ட்ரல் காலேஜே சாட்சி. மெஜஸ்டிக்கில் இருந்து நடந்தே போகலாம். வாசகர்களில் பலர் அந்தப் பழைய கட்டடத்தைப் பஸ்ஸில் இருந்து பார்த்திருப்பீர்கள். பெங்களூர் பல்கலைக்கழகம் பிறந்தது 1964ஆம் ஆண்டு. அதற்கு முன் அந்தக் கல்லூரி மைசூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1959ஆம் ஆண்டு அந்தப் பல்கலைக்கழகம் 6 புரொபசர், 6 ரீடர் வேலைகளுக்கு மனு கேட்டது. சென்ட்ரல் காலேஜில் ஆங்கில ரீடராக அன்னையா கவுடா என்பவர் நியமனம் ஆனார். அந்த நியமனம் செல்லாது என்று சி.டி. கோவிந்தராவ் என்பவர் மைசூர் ஐகோர்ட்டுக்குப் போனார்.

"முதல் வகுப்பு அல்லது உயர்ந்த இரண்டாம் வகுப்பில் எம்.ஏ." என்பது தகுதி. அன்னையா கவுடா நாகபுரி பல்கலைக்கழகத்தில் வாங்கியது 50.2 சதவீதம். இங்கிலாந்தில் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. பட்டமும் அவரிடம் இருந்தது. 50.2 "உயர்ந்த" இரண்டாம் வகுப்பா, இல்லையா? டர்ஹாம் பட்டத்தை எதற்குச் சமமாக வைப்பது? ஐகோர்ட்டு நியமனத்தை ரத்து செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1963ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு ஐகோர்ட்டின் தீர்ப்பை மாற்றி, நியமனம் செல்லும் என்றது. கல்வி விஷயத்தில் நிபுணர்கள் குழு சொன்ன முடிவில் கோர்ட்டு சுலபமாகக் கை வைக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். இன்றும் ஆசிரியர் நியமன வழக்குகளில் வக்கீல்கள் இந்த மைசூர் வழக்கை எடுத்துப் படிக்கிறார்கள்.

ரீடர் பதவி ஒன்றுக்காக நாட்டின் உச்சக் கோர்ட்டு வரை போகவேண்டி இருந்தது என்றால், அந்தப் பதவி எவ்வளவு அரிதாக இருந்திருக்க வேண்டும்!

அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கஜேந்திரகட்கர். பின்னால் தலைமை நீதிபதி ஆனார். பம்பாய் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் ஒரு துயரம்

1972ஆம் ஆண்டு. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி ஒருவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பதவி உயர்வு விஷயத்தில் மனம் உடைந்தவர் என்று பேசப்பட்டது. பாராளுமன்றம் வரை கேள்வி எழுந்தது. விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். அதன் தலைவர் அதே கஜேந்திரகட்கர்.

வேளாண் ஆராய்ச்சியில் வேலைக்கு ஆள் எடுக்கும் முறை, உயர்வு கொடுக்கும் முறை எல்லாவற்றையும் அந்தக் கமிட்டி அலசியது. அப்போது வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். ஆள் எடுப்பதற்கு 1973ஆம் ஆண்டு தனி வாரியம் வந்தது. 1975ஆம் ஆண்டு விஞ்ஞானிகளுக்கென்று தனிப் பணித்தொகுதி வந்தது. அதில்தான் அந்தப் பெரிய மாற்றம். மேலே நாற்காலி காலி ஆகும்வரை காத்திருக்க வேண்டியது இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஒருவரின் வேலையை எடைபோட்டு, தகுதி இருந்தால் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையே உயர்த்திவிடுவது.

விண்வெளித் துறை, அணுசக்தித் துறை விஞ்ஞானிகளுக்கும் காலியிடம் பார்க்காமல் தகுதி பார்த்து உயர்வு கொடுக்கும் வழக்கம் உண்டு. இஸ்ரோவில் வேலை பார்க்கும் தமிழர்கள் பெங்களூரில் ஏராளம். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சேர்ந்து இத்தனை வருடம், இந்த வருடம் இன்டர்வியூ என்று தேதி சொல்வார்கள். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் கல்லூரி ஆசிரியரால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

அல்சூர் பெரியவர்

அல்சூர் ஏரிப் பக்கம் குடியிருக்கும் ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். தனியார் கல்லூரி ஒன்றில் கணக்குப் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவர். வேலைக்குச் சேர்ந்தது 1973ஆம் ஆண்டு. ஊர் வேலூர் பக்கம். பெயர் போட வேண்டாம் என்றார். "என்னத்துக்குப்பா, எல்லாம் முடிஞ்ச கதை" என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் பேசினார்!

அந்த வருடம் முதல் அமலான சம்பளத்தை இன்னும் மனப்பாடமாகச் சொல்கிறார். லெக்சரருக்கு 700 முதல் 1,600 ரூபாய். ரீடருக்கு 1,200 முதல் 1,900. புரொபசருக்கு 1,500 முதல் 2,500. "காகிதத்தில் மூன்று படி இருந்தது. கல்லூரியில் எங்களுக்கு ஒரே படிதான். வருஷா வருஷம் இன்கிரிமென்ட். 1,600ஐத் தொட்டால் அதுவும் நின்றுபோகும்" என்றார்.

பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு 1980களின் தொடக்கத்தில் "தகுதி உயர்வுத் திட்டம்" என்று ஒன்று வந்தது. எட்டு வருடம் வேலை பார்த்த லெக்சரர், நிபுணர் குழு ஒப்புக்கொண்டால் ரீடர் ஆகலாம். ஆனால் மொத்த நிரந்தர இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. அந்த உயர்வும் ஆளுக்குத்தான், இடத்துக்கு அல்ல. அவர் ரிட்டயர் ஆனால் அந்த இடம் மறுபடி லெக்சரர் இடமாகிவிடும். இப்படி உயர்ந்தவர்களும் நேரடியாக ரீடர் ஆனவர்களும் யார் சீனியர் என்று சண்டை போட்டார்கள். உஜ்ஜயினி விக்ரம் பல்கலைக்கழக வழக்கில் 1995ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. தகுதி உயர்வில் வந்தவர், நேரடியாக வந்தவரோடு சீனியாரிட்டியில் சமமாக நிற்க முடியாது என்றது. உயர்வு கிடைத்தும் உயராத கதை!

பெரியவருக்கு விடிவு வந்தது 1987ஆம் ஆண்டு. மெஹரோத்ரா கமிட்டி அறிக்கை கொடுத்திருந்தது. அதை அமல் செய்யும் விஷயத்தில் சர்க்காரோடு தகராறு. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நாடு முழுவதும் கல்லூரி ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் நடந்தது. "வாத்தியார் எல்லாம் கோஷம் போடுகிறார்களே என்று ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கும் முதல் நாள் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் தொண்டை பழகிவிட்டது" என்று சிரித்தார்.

முடிவில் வந்த திட்டம் இதுதான். லெக்சரர் 8 வருடத்தில் சீனியர் லெக்சரர். இன்னும் 8 வருடத்தில், டாக்டர் பட்டம் இருந்தால் ரீடர். பட்டம் இல்லாவிட்டால் "தேர்வு நிலை" லெக்சரர். சம்பளம் இருவருக்கும் ஒன்றே, 3,700 முதல் 5,700.

பெரியவருக்கு டாக்டர் பட்டம் இல்லை. சேர்ந்த புதிதில் படிக்கப் பதிவு செய்திருந்தார். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்ய வேண்டி வந்தது. மாலையில் டியூஷன் எடுத்தார். ஆராய்ச்சி நின்றுபோனது. தேர்வு நிலை கிடைத்தது. பணம் வந்தது. ஆனால் அறை வாசல் பலகையில் "விரிவுரையாளர்" என்ற எழுத்து ரிட்டயர் ஆகும்வரை மாறவில்லை. அவரிடம் படித்த பையன் ஒருவன் அதே கல்லூரியில் சேர்ந்து, டாக்டர் பட்டம் வாங்கி, பக்கத்து அறையில் "ரீடர்" பலகையோடு உட்கார்ந்தான்.

"வருத்தமா ஐயா?" என்று கேட்டேன்.

"சம்பளம் ஒண்ணுதானேப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன் என்னைப் பார்த்தா எந்திரிச்சு நிப்பான். அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கும்" என்றார்.

மார்க்கு வாங்கும் வாத்தியார்கள்

அதன்பிறகு கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 1998ஆம் ஆண்டு வந்த விதிகளில் காத்திருக்கும் வருடம் குறைந்தது. பல்கலைக்கழக ரீடர் 8 வருடத்தில் புரொபசர் ஆகவும் வழி வந்தது. 2010ஆம் ஆண்டு பெயர்களே மாறின. லெக்சரர் உதவிப் பேராசிரியர் ஆனார். ரீடர் இணைப் பேராசிரியர் ஆனார். கல்லூரியில் இருப்பவருக்கும் பேராசிரியர் பட்டம் எட்டும் என்று ஆயிற்று. 2018ஆம் ஆண்டு விதிப்படி டாக்டர் பட்டத்தோடு சேருகிறவருக்குப் படிகள் 4, 5, 3, 3 வருடம். மொத்தம் 15. முப்பது வயதில் சேர்ந்தால் 45 வயதில் பேராசிரியர். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

ஆனால் 2010ஆம் ஆண்டு விதியில் ஒரு விபரீதமும் சேர்ந்து வந்தது. ஆசிரியருக்கு மார்க்கு! கட்டுரை எழுதினால் இத்தனை மார்க்கு, புத்தகம் போட்டால் இத்தனை, கருத்தரங்குக்குப் போனால் இத்தனை. பையன்களுக்கு மார்க்குப் போட்ட கை, தன் மார்க்கைத் தானே கூட்ட ஆரம்பித்தது. மார்க்கு வேண்டும் என்றால் கட்டுரை அச்சாக வேண்டும். பணம் கொடுத்தால் எதையும் அச்சடிக்கும் பத்திரிகைகள் காளான்போல முளைத்தன. அங்கீகாரப் பட்டியலில் இருந்து 4,305 பத்திரிகைகளை 2018ஆம் ஆண்டு மே மாதம் பல்கலைக்கழக மானியக்குழு நீக்கியது. எழுதியவர்களில் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். 20 வருடம் ஒரே படியில் நின்றவனிடம், இந்தக் காகிதம் இருந்தால் அடுத்த படி என்று சொன்னால் அவன் காகிதத்தைத் தேடாமல் என்ன செய்வான்? பாடம் நடத்துவதற்கு அந்தக் கணக்கில் இருந்த மதிப்பு குறைவு. நன்றாகப் பாடம் நடத்தியவர்கள் பலர் பின்தங்கியது அதனால்தான் என்பது என் அபிப்பிராயம்.

இதிலும் காலதாமதம் உண்டு. வருடம் நிறைந்த அன்றே உயர்வு வராது. மனு வாங்க வேண்டும். பயிற்சி முகாம் சான்றிதழ் சேர்க்க வேண்டும். குழு கூட வேண்டும். குழு கூடத் துணைவேந்தர் இருக்க வேண்டும். நிதி இலாகா சம்மதிக்க வேண்டும். பின்தேதியிட்டு உயர்வு வந்தாலும் நடுவில் போன வருடங்கள் போனவையே. மேற்பதவிக்கு மனுப்போட அந்த வருடங்களில் அவரிடம் உத்தரவு இருந்திருக்காது.

படிக்கட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

இத்தனையும் படிக்கட்டில் ஏறிவிட்டவர்களின் கதை. நம் தங்கவயல் நண்பர் முதல் படியில்கூட கால் வைக்கவில்லை.

கர்நாடக அரசு கல்லூரிகளில் இவரைப்போல 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவுரவ விரிவுரையாளர்கள் உண்டு. நிரந்தர இடங்களுக்கு 2021ஆம் ஆண்டு அறிவிப்பு வந்தபோது இருந்த இடங்கள் 1,242. கவுரவ விரிவுரையாளர்களுக்கு நீண்ட காலம் மாதம் 11 ஆயிரம், 13 ஆயிரம் ரூபாய்தான். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் தகுதிக்கும் அனுபவத்துக்கும் தக்கபடி 26 ஆயிரம் முதல் 32 ஆயிரம் வரை உயர்த்தினார்கள். கூடவே வாரத்துக்கு 15 மணி நேர வேலை என்றார்கள். ஒருவருக்கு மணி கூடினால் இன்னொருவருக்கு வேலை போகும் அல்லவா? பலருக்குப் போயிற்று. 2023ஆம் ஆண்டு கடைசியில் நிரந்தரம் கேட்டு மறுபடி வகுப்பைப் புறக்கணித்தார்கள். சம்பளம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. நிரந்தரம் வரவில்லை.

நிரந்தர உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் மத்திய அளவுகோலில் 57,700 ரூபாய். கவுரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50 ஆயிரம் வரை கொடுக்கலாம் என்று மானியக்குழு 2019ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. கொடுக்க வேண்டிய மாநிலங்களுக்கு அது காதில் விழவில்லை.

நண்பர் தன் பையில் இருந்து விதிப்புத்தகத்தின் ஜெராக்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு பத்தியில் சிவப்பு மையில் கோடு. தற்காலிக வேலையில் இருந்த வருடங்களைப் பதவி உயர்வுக்குச் சேர்த்துக்கொள்ளலாமா என்பது பற்றிய பத்தி. சேர்த்துக்கொள்ளலாம், சில நிபந்தனைகளோடு. முறைப்படி தேர்வு செய்யப்பட்டிருக்க வேண்டும். நிரந்தர ஆசிரியருக்கு உள்ள தகுதி இருந்திருக்க வேண்டும். இன்னொன்று, அந்தக் காலத்தில் அவர் வாங்கிய மொத்தச் சம்பளம் நிரந்தர ஆசிரியரின் சம்பளத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும்!

நான் இரண்டு முறை படித்தேன். ஆங்கிலம் எனக்குச் சுமார். தப்பாகப் படிக்கிறேனோ என்று அவரையே கேட்டேன்.

"சரியாத்தான் படிச்சீங்கண்ணா. குறைஞ்ச சம்பளம் கொடுத்தாங்க. குறைஞ்ச சம்பளம் வாங்கினதாலே அந்த வருஷம் கணக்குல வராது. நாளைக்கே நிரந்தரம் கொடுத்தாலும் நான் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும். 15 வருஷப் படிக்கட்டு. எனக்கு இப்பவே 41" என்றார்.

41ம் 15ம் 56. அரசு கல்லூரியில் ரிட்டயர் ஆகும் வயது 60.

ரெயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. தற்காலிகத் தொழிலாளியாக லயனில் கல் கொட்டியவர் பிறகு நிரந்தரம் ஆனால், தற்காலிக அந்தஸ்து பெற்ற பின் உழைத்த காலத்தில் பாதியைப் பென்ஷனுக்குச் சேர்த்துக்கொள்வார்கள். பழைய பென்ஷன்காரர்களுக்கு அது கிடைத்தது. கல் கொட்டியவருக்குப் பாதி. பாடம் நடத்தியவருக்குப் பூஜ்யம்.

பல்கலைக்கழக விதிகளை மறுபடி மாற்ற 2025ஆம் ஆண்டு ஜனவரியில் மானியக்குழு ஒரு நகல் வெளியிட்டது. துணைவேந்தரை யார் நியமிப்பது என்பதில்தான் பெரிய தகராறு. தமிழ்நாடு சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. பெங்களூரில் பல மாநில மந்திரிகள் கூடிப் பேசினார்கள். கவுரவ விரிவுரையாளரின் பூஜ்யம் பற்றி அங்கே யாரும் மேஜையைத் தட்டியதாகச் செய்தி இல்லை.

இந்த மாதமும் நண்பர் வந்தார். செமஸ்டர் முடியப் போகிறது. அடுத்த கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி விழும், பெங்களூரா, வேறு மாவட்டமா என்று அவருக்குத் தெரியாது. பின்னால் இரண்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள். "குட்மார்னிங் புரொபசர்" என்றார்கள். அவர் திரும்பிச் சிரித்தார். பிறகு குனிந்து, கவுண்டர் ஓட்டையின் வழியாக, "ஒரு மாசம்ணா" என்றார்.